இடக்கைப் பிரேக்

முழங்கால் மடக்கும்போது சத்தம் கேட்கத் தொடங்கிவிட்ட எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்துக்காக ஸ்காபரோவின் அழகான பாதைகளைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டீர்கள். புதிதாகத் தொடங்குபவர் எங்கே ஓடலாம், பழகியவர் எங்கே ஓடலாம், துணிந்தவர் எங்கே இறங்கலாம் என்று. பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். பள்ளத்தாக்கின் வாசலில் நட்டிருக்கும் பலகையே அதைச் சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்து எழுத நான் தேவையில்லை.

அழகான என்ற சொல்லோடும் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் இறங்கிய காலத்தில் ஓடைக்குள் கடைத் தள்ளுவண்டி ஒன்று சக்கரம் மேலே தெரியக் கிடந்தது. தலைக்கு மேல் மின்கம்பிகள் ஈரமான நாளில் இரைந்தன. நுளம்பு காதுக்குள் போனது. அங்கே இறங்கியவர் யாரும் காட்சி பார்க்க இறங்கவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் இறங்கினோம்.

ஆகவே பலகையில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நீங்கள் பலமுறை சிரித்துக்கொண்டு கேட்ட கதைதான். பிழையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கனடாவுக்கு வந்தபோது மல்வேர்னில் நாங்கள் இருந்தது பெரியப்பாவின் ரவுன்ஹவுஸ், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பெரியப்பா என்றால் அப்பாவின் தமையன். எங்களுக்கு முன்னே வந்து, எங்களைக் கூப்பிட்டு, நிலத்தடியில் இருந்த தன் பேஸ்மென்றில் இருத்தியவர். அப்பா, அம்மா, அக்கா, நான். நாலு பேருக்கும் ஒரு யன்னல். அந்த யன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் மெசினின் குழாய். மேலே பெரியம்மா துணி போடும் நேரமெல்லாம் எங்கள் அறைக்குள் சூடான சவர்க்கார வாசம் வந்து, ஈரக் கம்பளத்தின் மணத்தோடு கலந்து நிற்கும். இன்றைக்கும் யாருடைய வீட்டிலாவது அந்த மணம் வந்தால் நான் வாசலைப் பார்த்து உட்காருவேன்.

பெரியம்மா எங்களோடு பேசுவது மேல்படியில் நின்றுதான். ஒரு நாளாவது கீழே இறங்கி வந்து பேசியதாக நினைவில்லை.

"லைற் எரியுது."

"ஓம் அக்கா, நிப்பாட்டுறன்," என்பார் அம்மா.

"எங்கட பிறிட்ஜில உங்கட சட்டி இருக்கு."

"எடுக்கிறன் அக்கா."

"நாங்கள் கூப்பிட்டிருக்காட்டி இப்பவும் கொழும்பில லொட்ஜிலதான் கிடப்பியள். அதை மறந்திடாதேங்கோ."

இந்தக் கடைசி வரிக்கு அம்மா பதில் சொல்வதில்லை. அப்பா இருந்தால் அவர் சொல்வார். "ஓம் அண்ணி." பெரியப்பா பேசினால் "ஓம் அண்ணை." அந்த இரண்டு பதில்களைத் தவிர அப்பா அந்த வீட்டின் மேல்தளத்தில் வேறு எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரு மகன். அக்காவுக்குச் சில மாதம் மூத்தவர். நான் அண்ணா என்று கூப்பிட்டேன். அக்கா கூப்பிடவில்லை, நீ, வா, போ என்றுதான் பேசினாள். அது மேல்படியில் ஒரு குற்றச்சாட்டாகவே இருந்தது.

வீடுகளின் பின்வரிசையைக் கடந்து, மின்கம்பிக் கோபுரங்களின் கீழால் புல்வெளியைக் குறுக்கறுத்தால் பள்ளம் வரும். இறங்க மூன்று பாதைகள். அப்போது பலகை இல்லை, நிறமும் வடிவமும் இல்லை. பெயர் வைத்தவர் அண்ணன்தான். சரளை போட்டு அகலமாக வளைந்து போனது பால்குடிப் பாதை. மரங்களுக்குள் இரண்டு திருப்பத்தோடு இறங்கியது பொம்பிளைப் பாதை. நேரே கீழே விழுவது போல இறங்கியது, பைத்தியக்காரருக்கென்று, விசர்ப் பாதை. அதன் நடுவில் ஒரு மேப்பிள் மரத்தின் வேர் மனிதத் தொடை அளவில் குறுக்கே கிடந்தது. அடியில் ஓடையும் கல்லும். தரம் பிரித்த பெருமையை அண்ணனுக்கே கொடுக்கிறேன். நகரசபை பிறகுதான் வந்தது.

அக்காவின் சைக்கிள் பக்கத்துத் தெருவில், வீட்டுப் பழைய சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் கிடைத்தது. தக்காளிச் சிவப்பு. பாரில் ஒட்டியிருந்த பெயரைப் பாதி உரித்துவிட்டிருந்தார்கள். அடித்தால் இரண்டு முறை கிணுங்குகிற ஒரு மணி. அப்பா அதைக் கராஜுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, ஹாண்டிலைத் தூக்கிப் பிடித்து, முன்சில்லைக் கையால் தட்டிச் சுழலவிட்டு, இடக்கைப் பிடியை அமத்தினார். முன்சில்லு நின்றது.

அப்பாவின் முகம் சுளித்தது. "மாறிப் பூட்டியிருக்கிறாங்கள்."

"ஆரப்பா?" என்றாள் அக்கா.

"வித்தவங்கள்தான். இடக்கை எப்பவும் பின்சில்லு. முன்சில்லை இடக்கையில வைச்சால் ஆள் தலைகீழ். உந்தக் குறடை எடு."

ஊரில் அது சரி. பிரிட்டிஷ்காரர் பழக்கிவிட்ட சைக்கிள்களில் வலக்கை முன்சில்லுக்கு, இடக்கை பின்சில்லுக்கு. கனடாவில் நேரெதிர். அதை அப்பாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவரும் ஒருவரையும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆண் ஒருவர் சைக்கிளைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பதாவது!

அவர் வயர் இரண்டையும் கழற்றி மாற்றிப் பூட்டினார். பின்வயர் நீளம், சிக்கல் இல்லை. முன்வயர் கட்டை. அது வலப்பக்கம் மட்டுமட்டாகத்தான் எட்டி, ஹாண்டிலின் கழுத்தைச் சுற்றி இறுகிக்கொண்டு நின்றது. அக்கா விளக்குப் பிடித்தாள். நான் திருகாணிகளை ஒரு தயிர்ப் பெட்டி மூடியில் வைத்திருந்தேன். முடிந்ததும் அப்பா மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். அவர் இந்த நாட்டுக்கு வந்த பிறகு தான் நினைத்தபடி, யாரையும் கேளாமல் செய்த முதல் வேலை அது. நிமிர்ந்து நின்று செய்தார். அதனால்தான் எனக்கு இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது.

அக்கா நன்றாகச் சைக்கிள் ஓடினாள். தங்கை என்பதால் சொல்லவில்லை. ஊரில் அம்மாவின் லேடீஸ் சைக்கிளில் மணல் ஒழுங்கைகளால் ரியூசனுக்குப் போனவள். சில்லு வழுக்கும்போது உடம்பை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. விசர்ப் பாதையில் சீற்றில் இருக்க மாட்டாள். பெடலில் எழும்பி நின்று, இடுப்பைப் பின்னுக்கு வைத்து, இடக்கையின் இரண்டு விரல்களால் விட்டு விட்டுப் பிடிப்பாள். வேரடியில் முன்சில்லு ஒருமுறை துள்ளும். பிறகு கல்லில் கிறீச்சென்று நிற்பாள். நான் எப்போதும் ஓடைக்கரையில் நின்றேன். நாய் கொண்டு வருகிறவர்கள் குறுக்கே வந்தால் கத்துவது என் வேலை. சேறும் நசுங்கிய புதினாவும் போல ஒரு வாசம் அங்கே நின்றது. அந்தச் செடியின் பெயரை நான் இன்னும் அறியவில்லை.

அண்ணனிடம் புதுச் சைக்கிள் இருந்தது, பல கியர்களோடு. வேரடி வரை வருவார். பிறகு இறங்கி உருட்டுவார். ஒரு நாள் செயின் கழன்றது. ஒரு நாள் கண்ணுக்குள் பூச்சி. பக்கத்து வரிசைப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வேலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, பேஸ்மென்றில் இருக்கிற பெட்டை இறங்குகிறாள், வீட்டுக்காரன் மகன் உருட்டுகிறான். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. விளங்குகிறது என்பதோடு நிறுத்துகிறேன்.

பள்ளிக்கூடம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன், மஞ்சள் பூக்கள் புல்வெளி முழுக்க நின்ற ஒரு பின்னேரம். மேட்டில் அண்ணனும் அக்காவும் பேசியது கீழே எனக்குக் கேட்டது.

"உன்ர சைக்கிளைத் தா. உந்தச் சிவப்பில ஆரும் இறங்கலாம்."

"ஏன், உன்ரதுக்கு இண்டைக்குக் காய்ச்சலோ?"

"அது பாரம். உன்ரது பாரமில்லை. அதுதான் நீ இறங்குறாய். தர விருப்பமில்லையெண்டால் பயமெண்டு சொல்லு."

"ஆர் பயந்தது? நேற்று வேரடியில இறங்கி ஆட்டுக்குட்டி மாதிரி உருட்டினது ஆர்?"

வேலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள், தொனி போதும்.

"தாறியோ இல்லையோ?"

"இந்தா. ஆனால் இடக்கையால பிடி."

"ஐ நோ ஹவ் ரு பிரேக்," என்றார் அண்ணன்.

அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தன் சைக்கிளுக்கு.

வேகமாக வந்தார். வேரடிக்கு மேலே அவர் உடம்பு விறைத்ததைக் கண்டேன். மேட்டிலிருந்து அக்கா கத்தினாள்: "இடக்கை! இடக்கை!" கனடாவில் பழகிய எந்தப் பிள்ளைக்கும் இடக்கை என்றால் முன்சில்லு. இறக்கத்தில் முன்சில்லைப் பிடித்தால் தூக்கி எறியும் என்றும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர் அறிவாளித்தனமாக மற்றக் கையை அமத்தினார். வலக்கையை. விரல் மொளிகள் வெள்ளையாகத் தெரிந்தன. அப்பா மாற்றிப் பூட்டிய அந்தச் சைக்கிளில் வலக்கைதான் முன்சில்லு.

காறை எலும்பு முறிந்தது. முன்பல் ஒன்று போனது. அவர் ஓடை விளிம்பில் கிடந்தார். சிவப்புச் சைக்கிள் தலைகீழாக, பின்சில்லு மட்டும் டிக் டிக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அவருடைய சைக்கிளை மேட்டிலே எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். அம்புலன்ஸைக் கூப்பிட்டது நாயோடு வந்த ஒரு கிழவர்.

விசாரணை அன்றிரவே, ஆஸ்பத்திரியால் திரும்பி வந்ததும், சாப்பாட்டுக்கு முன் கராஜில் நடந்தது. பெரியப்பா நின்றார். பெரியம்மா வீட்டுக்குள் போகும் படியில் நின்றார். அண்ணன் கைக்கட்டோடு பிளாஸ்ரிக் கதிரையில். நாங்கள் நாலு பேரும் சுவரோரம், உலர்ந்த பெயின்ற் வாளிகளுக்குப் பக்கத்தில். எங்கள் சைக்கிள் அங்கே இல்லை. அது இன்னும் ஓடையில் கிடந்தது.

"ஷி ரோல்ட் மீ லெஃப்ற், இவள்தான் சொன்னவள்," என்றார் அண்ணன். பல் இல்லாததால் சொல் சீறியது. "நான் லெஃப்றைப் பிடிச்சன். லெஃப்ற் இஸ் ஃப்ரன்ற்."

அது பொய் என்று எழுத மாட்டேன். விழுந்தவருக்கு எந்தக் கை என்று நினைவில்லாமல் இருந்திருக்கலாம்.

"இடக்கை பின்சில்லெல்லோ?" என்றாள் அக்கா.

பெரியப்பா மகனின் புதுச் சைக்கிளை இழுத்து நடுவில் வைத்தார். முன்பக்கத்தைத் தூக்கினார். சில்லைச் சுழலவிட்டார். இடக்கைப் பிடியை அமத்தினார். முன்சில்லு நின்றது.

"பாத்தியோ? இடக்கை முன்சில்லு. தெரிஞ்சோ தெரியாமலோ, உன்ர வாயாலதான் என்ர பிள்ளை விழுந்தவன்."

அந்த இடத்தில் இரண்டு பேருக்கு எல்லாம் விளங்கியது. அக்காவுக்கும் அப்பாவுக்கும். அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா பெயின்ற் வாளியைப் பார்த்தார்.

எனக்கு விளங்கவில்லை. கண்டதைத்தான் சொன்னேன். "அண்ணா வலக்கையாலதான் பிடிச்சவர். நான் கண்டனான்."

"எது உன்ர வலக்கை? காட்டு," என்றார் பெரியப்பா.

சோறு தின்கிற கையை உயர்த்தினேன்.

"சரி. அவன் உனக்கு நேரை வந்தவன். உனக்கு வலமெண்டால் அவனுக்கு இடம். விளங்குதோ? கையை இறக்கு."

நான் இறக்கினேன்.

அக்கா சொன்னாள்: "பெரியப்பா, உது உங்கட சைக்கிள். எங்கடது வேற மாதிரி. அப்பா வயரை மாத்திப் பூட்டினவர். கேளுங்கோ. அப்பா, நீங்கள்தானே மாத்தினனீங்கள்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். மேல்படியில் பெரியம்மாவின் கை கதவுப் பிடியில் இருந்தது. அந்த வீட்டின் கதவு. அப்பா அதைக் கண்டார் என்பது எனக்கு நிச்சயம்.

"நானோ?" என்றார். "நான் செயினுக்கு எண்ணெய்தான் விட்டனான்."

"அப்பா!"

"எண்ணெய்தான் விட்டனான், அண்ணை. இவள் பயத்தில என்னவோ சொல்லுறாள்."

"பொய்யும் சொல்லத் தெரியுது," என்றார் பெரியம்மா, அக்காவைப் பார்த்து.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் தோளைப் பிடித்திருந்த விரல்களை இறுக்கினார். அதன் பொருள் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் முதலில் கற்ற மொழி அது.

அடுத்த நாள் விடியவே அப்பா தனியாகப் பள்ளத்துக்குப் போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பிரேக் வயர்கள் இரண்டும் இல்லை. "ஓடைக்குள்ள எங்கையோ அறுந்து விழுந்திட்டுது," என்றார். பல வருடங்கள் செய்தி மேசையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பிரேக் வயர்கள் இரண்டு, அறுந்த இழை ஒன்றைக்கூட மிச்சம் விடாமல், பிடியிலிருந்தும் பிரேக் கட்டையிலிருந்தும் தாங்களாகவே கழன்று விழுவதில்லை. குறடு வேண்டும்.

சைக்கிளைப் பெரியப்பா குப்பைக்கென்று வெளியே வைத்தார். லொறி நசுக்கும்போது மணி இரண்டு முறை கிணுங்கியது. அக்கா பேஸ்மென்ற் யன்னலில் நின்று பார்த்தாள். அங்கிருந்து லொறியின் சில்லுகள் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு சண்டை போடவில்லை. அழவும் இல்லை. அவர் எதைச் சொன்னாலும் "ஓம் அப்பா" என்றாள். வேறு பதில் இல்லை. அவர் தன் தமையனுக்குச் சொன்ன அதே குரலில். அதை அவர் கேட்டார், ஒவ்வொரு முறையும். வோபர்னில் எங்களுக்கென்று ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்துப் போன பிறகும், அவளுடைய கலியாண வீட்டிலும், ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகத் தண்ணீர் கேட்டபோதும். "ஓம் அப்பா." அவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல நிறைய வாய்ப்பு இருந்தது. சொல்லாமலே போனார்.

வீடு இல்லாமல் போய்விடும் என்று பயந்தார் என்கிறீர்களா? இருக்கலாம். எங்கள் எல்லோருடைய அப்பாக்களும் எதற்கோ பயந்தார்கள். அதை விளக்கமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் அந்தக் கதையை வைத்திருந்தார். முதலில் கோபமாக, பிறகு பகிடியாக. பேத்டே பார்ட்டியில், செத்தவீட்டில், கோயில் மண்டபத்தில். "இவள் லெஃப்ற் எண்டாள், என்ர பல்லுப் போச்சு!" அக்காவுக்குப் பெயரே லெஃப்ற் ஆனது. இப்போது அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் காரணம் தெரியாமலே லெஃப்ற் அன்ரி என்கிறார்கள். நீங்களும் கூப்பிடுகிறீர்கள். அவள் இடக்கைக்காரி என்று நினைத்திருப்பீர்கள். அவள் வலக்கையால்தான் எழுதுகிறாள், வலக்கையால்தான் சாப்பிடுகிறாள்.

போன ஞாயிறு நீங்கள் பலகைக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி நின்றீர்கள். இதை யாரும் கவனிக்கவில்லை. அண்ணன் கூட்டத்துக்குப் புதிதாக வந்த இரண்டு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துத் திரும்பி, "லெஃப்ற், உன்ர சைக்கிளை ஒருக்காத் தா. கறுப்பால இறங்கிப் பாப்பம். இந்த முறை வாயைத் திறக்காதை, என்ன?" என்றார். அவர்கள் சிரித்தார்கள்.

அக்கா கொடுத்தாள். அந்தச் சைக்கிள் அவள் கடையில் வாங்கியது. வாங்கும்போது அவள் கடைக்காரரிடம் கேட்டது ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்றேன். அவர் ஏன் என்று கேட்டார். எனக்கு அப்படித்தான் பழக்கம் என்றாள்.

அண்ணன் இப்போது கவனமான ஆள். ஏறுமுன் முன்பக்கத்தைத் தூக்கி, சில்லைத் தட்டிச் சுழலவிட்டு, இடக்கையை அமத்தினார். தன் தகப்பன் கராஜில் செய்தது போலவே. முன்சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொருமுறை அமத்தினார். சுற்றிக்கொண்டே இருந்தது. வலக்கையை அமத்தினார். நின்றது.

"உது மாறிப் பூட்டியிருக்கு," என்றார்.

"ஓம்," என்றாள் அக்கா. "அண்டைக்கும் அப்பிடித்தான் இருந்தது."

அவர் வாய் திறந்தது. முன்பற்களில் ஒன்று மற்றதைவிட வெள்ளை. இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார், யாரோ அவரிடம் வலக்கையைக் காட்டச் சொன்னது போல. மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவும் காத்து நிற்கவில்லை. சைக்கிளைத் திரும்ப வாங்கினாள், ஏறினாள், கறுப்பு வைரத்தால் இறங்கினாள். அவர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பச்சை வட்டத்தின் பக்கம் போனார்.

வேர் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அவள் அதைக் கடக்கும்போது எந்தக் கையால் பிரேக் பிடித்தாள் என்று நான் மேலிருந்து பார்த்தேன். இந்த முறை நானும் அவளும் ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தோம். அவளுக்கு இடமென்றால் எனக்கும் இடம்.